சுவர் இழந்த கிறிஸ்து

ஒரு கோவிலின் சுவரில் எழுதப்பட்ட சித்திரத்தை, சுவர் அப்படியே நிற்க, சித்திரத்தை மட்டும் தோல் உரிப்பதுபோல் உரித்து, பாய்போலச் சுருட்டி, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுபோய்விட முடியுமா? முடியும் என்பதை 1919ஆம் ஆண்டுக்கும் 1923ஆம் ஆண்டுக்கும் இடையே, ஸ்பெயின் நாட்டின் காட்டலோனியாப் பகுதியில், பிரனீஸ் மலைச்சரிவில் இருக்கும் சில சிற்றூர்களில் செய்து காட்டினார்கள். அவ்வாறு பெயர்த்தெடுக்கப்பட்டவற்றுள் தலையாயது, தாவுல் என்னும் சிற்றூரில் புனித கிளமெந்துவின் பெயரால் நிற்கும் கோவிலின் பீடமுகட்டில் வீற்றிருந்த மாட்சிமிகு கிறிஸ்துவின் ஓவியம். கலை வரலாற்று நூல்களில் இன்று அந்த ஓவியம் இல்லாத நூலைக் காண்பது அரிது. அதனைப் பற்றியும், அதனை இழந்த ஊரைப் பற்றியும், இழந்ததற்குப் பொறுப்பு யாருடையது என்பது பற்றியும் இங்கே சிந்திக்க விழைகிறோம். நாம் அந்த ஓவியத்தை அச்சுப் படங்களில் மட்டுமே கண்டவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால், அது தான் இருந்த சுவரை விட்டு வெளியேறி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அதை அதன் இடத்தில் கண்டவர் என்று சொல்லிக்கொள்ள இன்று யார் இருக்கிறார்?

பொயி பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழும் சிறு ஊராட்சி. தாவுல், பொயி, எரில் லா வால், துர்ரோ, பருவேரா, கார்தெத், கோல் எனச் சில ஊர்கள். நடுவே தோர் என்னும் ஆறு. சுற்றிலும் பனி படரும் உயர்ந்த மலைகள். தாவுல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில், பதினொன்றாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் உரோமானெஸ்க் பாணியில் எழுந்த எட்டுக் கோவில்களும், துர்ரோ ஊருக்கு மேலே மலைமுகட்டில் புனித குயிர்க்கின் பெயரால் அமைந்த ஒரு சிற்றாலயமும் இன்றும் நிற்கின்றன. இந்த ஒன்பதையும் ஒன்றாகச் சேர்த்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தாவுல் ஊர் மட்டும் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு கோவில்களின் நேர்ந்தளிப்பைக் கண்டது. 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் புனித கிளமெந்து கோவில். மறுநாள் 11ஆம் நாள் ஊர் நடுவே இருக்கும் புனித மரியா கோவில். இரண்டையும் நேர்ந்தளித்தவர் ரோதா-பார்பாஸ்த்ரோ ஆயர் இராமோன். முதல் கோவிலின் தூண் ஒன்றில் வண்ணத்தால் எழுதப்பட்ட குறிப்பே இச்செய்தியை நமக்குத் தருகிறது. ஒரு மலைக் கிராமத்திற்கு இரண்டு பெரிய கோவில்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எரில் பிரபுக் குடும்பம் அரகோன் மன்னரின் போர்களில் ஈட்டிய செல்வம் இதற்கு ஒரு காரணம். இப்பள்ளத்தாக்கு எந்த மறைமாவட்டத்துக்கு உரியது என்று ரோதா ஆயர்களுக்கும் உர்ஜெல் ஆயர்களுக்கும் இருந்துவந்த வழக்கு மற்றொரு காரணம் என்பர். பக்தி மட்டுமே கோவில் கட்டுவதில்லை. செல்வமும் எல்லைச் சண்டையும் கூடச் சேர்ந்து கட்டுகின்றன. இதை ஒப்புக்கொள்வதால் கோவிலின் புனிதம் குறைந்துவிடாது.

கட்டடங்களைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. உளியால் செதுக்கிய சிறிய கற்களை அடுக்கிய சுவர்கள், மரக்கூரை, பக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து, அடுக்கடுக்காகச் சாளரங்கள் திறந்த சதுர மணிக்கூண்டு. லொம்பார்தியக் கொத்தர் மரபு என்று இதனை அழைக்கிறார்கள். புனித கிளமெந்துவின் மணிக்கூண்டு ஆறு அடுக்குகள் உடையது. பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பள்ளத்தாக்கு வறுமையுற்றது. இருந்ததை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் பொருளில்லை. இக்கோவில்கள் பிழைத்தது பெருமளவில் அந்த வறுமையால்தான் என்று எண்ணுகிறோம். செல்வம் கட்டியதை வறுமை காத்தது.

இனி ஓவியத்துக்கு வருவோம். பீடத்திற்குப் பின்னே அரைவட்டமாக வளைந்து, மேலே அரைக்கோளமாகக் கவிந்திருக்கும் பகுதியே பீடமுகடு. அதன் நடுவே, பாதாம் பருப்பின் வடிவிலான ஒளிவட்டத்துள் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். திருவெளிப்பாட்டு நூல் காட்டும் கிறிஸ்து இவர்; காலங்களின் முடிவில் வருகிறவர். வலக்கரம் ஆசி வழங்க உயர்ந்திருக்கிறது. இடக்கரம் திறந்த நூலை ஏந்தியிருக்கிறது. நூலில் தம்மை உலகின் ஒளியாக அறிவிக்கும் இலத்தீன் வாசகம். இருபுறமும் அகரமும் னகரமுமாகிய கிரேக்க எழுத்துகள் தொங்குகின்றன. பாதங்கள் பூவுலகைக் குறிக்கும் அரைக்கோளத்தின் மேல் படிந்திருக்கின்றன.

முதற்பார்வையில் இந்த முகம் நம்மை அச்சுறுத்தும். நீண்ட மூக்கு, விரிந்த கண்கள், நேர்வகிடு எடுத்து இருபுறமும் சரிந்து விழும் கூந்தல், கன்னங்களில் வட்டமாக இட்ட செந்நிறம். வலமும் இடமும் தராசுத் தட்டுகள்போல் ஒத்திருக்கின்றன. ஓவியன் மனித முகத்தைப் பார்த்து வரையத் தெரியாமல் இப்படி வரைந்தான் என்று சொன்ன காலமும் உண்டு. அது பிழையான தீர்ப்பு. ஆடையின் மடிப்புகளைக் கவனித்தால் இந்தக் கை எவ்வளவு பழகிய கை என்பது விளங்கும். கோடு எங்கும் தடுமாறவில்லை. நிழலும் ஒளியும் நிறப்பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, முழங்கால் முன்னே வருவதும் துணி பின்னே ஒதுங்குவதும் திருத்தமாகக் காட்டப்பட்டிருக்கின்றன. பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்னும் கனிமத்திலிருந்து எடுத்த நீலம் இதில் இருக்கிறது. அந்த ஊர் மண்ணே ஓவியத்துள் புகுந்திருக்கிறது என்பது பொருள். ஓவியன் பெயர் தெரியாது. தாவுல் ஊரின் ஆசான் என்றே அறிஞர்கள் அழைக்கிறார்கள். இழந்த ஊரின் பெயரே அவனுக்குப் பெயராக நிலைத்தது.

கிறிஸ்துவைச் சுற்றி வானதூதர்கள் நிற்கிறார்கள். நற்செய்தியாளர்களைக் குறிக்கும் உயிர்கள் அவர்களோடு இருக்கின்றன. மாற்குவின் சிங்கத்தைப் பின்னங்காலைப் பிடித்தும், லூக்காவின் காளையை வாலைப் பிடித்தும் இரு தூதர்கள் வைத்திருப்பது, இத்தனை அச்சத்துக்கும் நடுவே நம்மைச் சற்றே புன்முறுவல் கொள்ளச் செய்கிறது. கால்நடை மேய்க்கும் மலைமக்கள் அறியாத பிடியா அது? அந்த ஓவியன் விண்ணுலகை எழுதும்போதும் தன் முன்னே நின்ற மக்களை மறக்கவில்லை என்று கொள்ளலாம்.

கீழ்வரிசையில் அன்னை மரியாவும் திருத்தூதர்களும் நிற்கிறார்கள். அன்னையின் கையில் ஒளிக்கதிர் வீசும் ஒரு பாத்திரம். அது விளக்கா, கிறிஸ்துவின் இரத்தம் ஏந்திய கிண்ணமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அவர்கள் வாதிடட்டும். நம் கண்ணில் முதலில் படுவது வேறு. அன்னை அந்தப் பாத்திரத்தை வெறுங்கையால் தொடவில்லை. தம் ஆடையின் நுனியால் கையை மூடிக்கொண்டு ஏந்தியிருக்கிறார். நற்கருணை ஆசீரின்போது குருவானவர் தோளில் போர்த்திய துகிலால் கைகளை மூடிக் கதிர்ப்பாத்திரத்தை எடுப்பதைக் காணும் எவருக்கும் இச்செயலின் பொருளை விளக்க வேண்டுமோ? இப்போது அந்த ஓவியம் இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அன்னையின் உருவத்துக்கு நேர் கீழே, சில அடி தூரத்தில், கல்லாலான பீடம். அதன்மேல் திருப்பலி நிறைவேறுகிறது. குரு கிண்ணத்தை உயர்த்துகிறார். அதற்குச் சற்று மேலே சுவரில் அன்னை ஒரு பாத்திரத்தை ஏந்தியிருக்கிறார். அதற்கும் மேலே, வரப்போகிறவர் அமர்ந்திருக்கிறார். பீடமும் சுவரும் முகடும் சேர்ந்தே ஒரு முழு வாக்கியமாகின்றன. பீடத்தை எடுத்துவிட்டால் எழுவாய் போய்விட்ட வாக்கியம்தான் மிஞ்சும்.

இன்னும் ஓர் உருவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பீடமுகட்டுக்கு முன்னுள்ள வளைவின் உட்புறத்தில், உச்சியில் ஏழு கண்களுடைய செம்மறி. இறங்கும் பக்கத்தில், செல்வனின் வாயிற்படியில் இலாசர். உடலெங்கும் புண், கையில் ஊன்றுகோல், ஒரு நாய் வந்து புண்ணை நக்குகிறது. எத்தனையோ விவிலியக் காட்சிகள் இருக்க, மாட்சிமிகு கிறிஸ்துவின் அரியணைக்கு அருகே இந்த ஏழையை ஏன் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்? நேர்ந்தளிப்புக்குப் பொருள் தந்தவர்கள் போரில் செல்வம் சேர்த்த பிரபுக்கள் என்பதை முன்னரே சொன்னோம். அவர்கள் கோவிலின் முன்வரிசையில் நின்று கண்ணை உயர்த்தும்போதெல்லாம், இலாசரைக் காணாமல் கிறிஸ்துவைக் காண முடியாது. இதை ஆயர் திட்டமிட்டாரா, ஓவியன் எண்ணினானா என்பது நமக்குத் தேவையில்லை. சுவர் அவ்வாறு பேசுகிறது. கலைநூல்கள் பலவும் நடுவிலிருக்கும் கிறிஸ்துவை மட்டும் வெட்டி எடுத்து அச்சிடுகின்றன. அந்தப் படங்களில் இலாசர் மீண்டும் ஒருமுறை வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறார்.

1907ஆம் ஆண்டில், புதிதாகத் தொடங்கப்பட்ட காட்டலான் ஆய்வுக் கழகம் கட்டடக் கலைஞர் ஜோசெப் புய்க் இ காதஃபால்க் தலைமையில் ஒரு சிறு குழுவை இம்மலைகளுக்கு அனுப்பியது. அக்குழுவில் விக் மறைமாவட்ட அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த ஜோசெப் குதியோல் என்னும் குருவானவரும், நிழற்படக் கலைஞர் அதோல்ஃப் மாஸ் என்பவரும் இருந்தனர். சாலையில்லாத வழிகளில் கோவேறு கழுதைகள்மேல் சென்று, கோவில் கோவிலாக அளந்தார்கள், படமெடுத்தார்கள். தாவுல் கோவிலின் கிறிஸ்து அப்போது ஒரு பழைய பீடப் பலகையின் பின்னே மறைந்திருந்தார். அந்த மறைவே வண்ணத்தைக் காத்தது. கழகம் தான் கண்ட சுவரோவியங்களை வண்ணப் படிகளாக நூலில் வெளியிட்டது. அறிவுலகம் மகிழ்ந்தது, பழம்பொருள் வணிகரும் அந்த நூலைக் கண்டனர்.

இக்னாசி போலாக் என்னும் வணிகர் இத்தாலியிலிருந்து ஃபிராங்கோ ஸ்தெஃபானோனி என்பவரின் குழுவை வரவழைத்தார். அவர்கள் கையாண்ட முறைக்கு இத்தாலிய மொழியில் ஸ்திராப்போ என்று பெயர். பிய்த்தெடுத்தல் என்பதே அதன் பொருள். ஓவியத்தின்மேல் விலங்குப் பசையைப் பூசித் துணியை ஒட்டுவார்கள். பசை உலர்ந்து இறுகும்போது வண்ணப்படலம் சுவரை விட்டுத் துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டி எடுத்துச்சென்று, வேறொரு துணியில் பின்புறமாக ஒட்டி, முன்புறத் துணியை வெந்நீரால் கரைத்து நீக்குவார்கள். பொயி பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே இருக்கும் மூர் என்னும் ஊரின் புனித மரியா கோவிலில் இப்படி எடுக்கப்பட்ட பீடமுகட்டு ஓவியத்தைச் செல்வர் யூயிஸ் பிளாந்தியூரா வாங்கினார். அவர் வழியாக அது கடல் கடந்து, 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

செய்தி அறிந்த பார்சலோனா அருங்காட்சியகக் குழு விழித்துக்கொண்டது. அதன் ஜூவாக்கிம் ஃபோல்க் இ தோர்ரெஸ் முன்னின்று, எஞ்சிய ஓவியங்களை விலைகொடுத்து வாங்கச் செய்தார். வணிகர் அமர்த்திய அதே இத்தாலியக் கைகளைக் கொண்டே அவற்றைப் பெயர்க்கவும் செய்தார். வெளிநாட்டுக்குப் போகாமல் காக்கவே பெயர்த்தோம் என்பது அவர்கள் வாதம். 1924ஆம் ஆண்டில் பார்சலோனாவின் சியூத்ததேயா பூங்காவிலிருந்த அருங்காட்சியகத்திலும், 1934 முதல் மோந்த்ஜூயிக் குன்றின்மேல் உள்ள பெரிய மாளிகையிலும் அந்தப் பீடமுகடுகள் மரச்சட்டங்களால் மறுபடி வளைக்கப்பட்டு நிறுத்தப்பட்டன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விலைகொடுத்து வாங்கினார்கள் என்றால், விற்றவர் யார்?

அருங்காட்சியகம் கோவிலைக் கொள்ளையிட்டது என்று கோபத்தோடு எழுதுவோர் உண்டு. அந்தக் கோபத்தில் நாம் பங்குகொள்ள இயலவில்லை. மலைக்கோவில்களின் கூரை ஒழுகியது, பங்குகள் வறியவை, பழைய சித்திரங்களின் அருமை அறிந்தவர் அங்கே எவருமில்லை, சட்டமும் தடுக்கவில்லை. இவையெல்லாம் உண்மை. எனினும் கோவிலின் திறவுகோல் வணிகரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ இருக்கவில்லை. அது திருச்சபையின் கையில் இருந்தது. எழுத்தறியாத மக்கள் ஏட்டில் படிக்க முடியாததைச் சுவரில் படிக்கட்டும் என்ற கருத்தில், ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்செய்ல் ஆயர் செரேனுசுக்கு மடல் எழுதினார். உருவங்களை உடைத்த ஆயரை அவர் கடிந்துகொண்டார். அந்த மடலின் ஆவியில் எழுந்த சுவர்களை, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், படிக்கத் தெரியாதவர்களாகிப் போனவர்கள் மேய்ப்பர்களே. ஆலயத்தின் அணிகலன்களான கலைப்பொருள்கள் கைமாறவோ சிதறவோ விடாமல் ஆயர்கள் விழிப்போடு காக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் 1963ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. எத்தனை பீடங்கள் வெறுமையான பிறகு அந்த வரி எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது தலை குனிகிறோம். இது வெளியாரைப் பற்றிய குறையன்று. நம் வீட்டுக் குறை.

எதிர்வாதமும் வலுவானதே. 1936ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது காட்டலோனியாவில் எத்தனையோ கோவில்கள் எரிக்கப்பட்டன. அருங்காட்சியகத்தார் அந்த ஓவியங்களைப் பாதுகாப்புக்காக ஓலோத் நகருக்குக் கொண்டுசென்று, புனித ஸ்தேவான் கோவிலில் வைத்தார்கள். கோவிலிலிருந்து பிய்க்கப்பட்ட கிறிஸ்து, நெருக்கடியில் மீண்டும் ஒரு கோவிலிலேயே அடைக்கலம் புகுந்தார்! அண்டைப் பகுதியான அரகோனின் சிஹேனா மடத்தில் நடந்தது வேறு விதம். அதே 1936இல் மடம் எரிந்தது. எஞ்சிய சுவரோவியங்களைப் பெயர்த்துக் காட்டலோனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று 2025ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயில் வெந்து தாள்போல் ஆகிவிட்ட அவ்வண்ணப் படலம் இன்னொரு பயணத்தைத் தாங்காது என்று அருங்காட்சியக வல்லுநர்கள் வாதிட்டார்கள். காத்தல் என்ற பெயரில் ஒருமுறை பெயர்த்தால், பிறகு நீதி என்ற பெயரிலும் பெயர்க்க முடியாத நிலை வந்துவிடுகிறது.

தாவுல் கோவிலுக்கு ஓவியத்தைத் திருப்புங்கள் என்று நாம் கேட்கவில்லை. உடையும் பொருளை நீதிக்காக உடைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டு இடங்களிலும் இன்று மக்கள் எதைக் காண்கிறார்கள் என்பதை எடைபோடும் கடமை திறனாய்வுக்கு உண்டு. பார்சலோனாவில் வண்ணம் இருக்கிறது, பீடம் இல்லை. சீரான விளக்கொளியில், ஒரு கூடத்தில் பல கோவில்களின் முகடுகள் அடுத்தடுத்து நிற்க, ஒவ்வொரு கிறிஸ்துவும் மற்றொரு கிறிஸ்துவோடு ஒப்பிடப்படுகிறார். எந்தக் கோவிலிலும் இல்லாத நிலை இது. தாவுல் கோவிலில் பீடம் இருக்கிறது, வண்ணம் இல்லை. முன்னர் அங்கே ஒரு படியோவியம் இருந்தது. 2013ஆம் ஆண்டில் அதை அகற்றி, சுவரில் எஞ்சியிருந்த மூலத்தின் துணுக்குகளை வெளிக்கொணர்ந்து, மறைந்த ஓவியத்தை ஒளிப்படக் கருவிகளால் சுவர்மீது வீழ்த்திக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சில நிமிடங்களுக்கு முகடு முழுவதும் 1123ஆம் ஆண்டின் நிறங்களால் நிரம்புகிறது, பிறகு அணைகிறது. உலகின் ஒளியாகத் தம்மை அறிவித்தவர் இன்று அங்கே மெய்யாகவே ஒளியால் மட்டும் ஆகியிருக்கிறார் என்று ஒருவர் வியக்கலாம். நமக்கு அந்தச் சிலேடை இனிக்கவில்லை. படியோவியம் பொய்யாக நடித்தது. ஒளி தான் ஒளிதான் என்று ஒப்புக்கொள்கிறது, ஆகையால் அதனினும் இது நேர்மையானது என்பதை மட்டும் ஏற்கிறோம். கருவி அணைந்தபின் சுவரில் நிலைத்து நிற்கும் மூலத் துணுக்குகளுள், காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சியும் ஒன்று. பெயர்த்தவர்கள் கண்ணுக்குத் தப்பி, ஊருக்கு என்று மிஞ்சியது அது.

நம்மை மிகவும் வாட்டுவது சுவரோவியம் அன்று. எரில் லா வால் ஊரின் புனித யூலாலியா கோவிலில் 1907ஆம் ஆண்டுப் பயணத்தின்போது கண்டெடுக்கப்பட்ட ஏழு மரச்சிற்பங்கள்தாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பியொருவர் சிலுவையிலிருந்து ஆண்டவரின் உடலை இறக்கும் காட்சியை ஆளுயரச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். ஆணி கழன்ற கை கீழே தொங்க, தலை சாய்ந்த இயேசு, உடலைத் தாங்கும் அரிமத்தியா யோசேப்பு, நிக்கதேம், இருபுறமும் இரு கள்வர், ஒருபுறம் அன்னை மரியா, மறுபுறம் அன்புச் சீடர் யோவான். முகங்களில் ஓலமில்லை. ஒடுங்கிய, சொல்லற்ற துயரம் மட்டும். தாவுல் ஊரின் கிறிஸ்துவிடம் நாம் கண்ட மாட்சி இங்கே அறவே இல்லை. களைத்த உழவனொருவனை வீட்டுக்குத் தூக்கிச் செல்வதுபோல் அவர்கள் அவரைத் தாங்குகிறார்கள்.

இந்த ஏழில் ஐந்து இன்று விக் நகரில், ஆயர் மோர்காதெஸ் நிறுவி 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் உள்ளன. மீதி இரண்டு பார்சலோனாவில். பார்சலோனாவில் இருப்பவை எவை தெரியுமா? அன்னை மரியாவும் யோவானும். சிலுவையடியில் ஒருவருக்கொருவர் ஒப்படைக்கப்பட்ட அந்த இருவரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள்; சீடர் அன்னையைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்னும் நற்செய்திக் குறிப்புக்கு இதைவிடக் கசப்பான விளக்கவுரை உண்டோ! ஆனால் அவர்கள் பார்த்து நிற்கவேண்டிய மகனின் உடல் வேறொரு நகரில் இறக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. பார்சலோனாவில் அன்னை வெற்றிடத்தை நோக்கி நிற்கிறார். எரில் ஊரிலோ ஏழின் நகலும் ஒன்றாக நிற்கிறது. ஏழும் ஒன்றுகூடி நிற்பது நகலில் மட்டுமே.

சுவரோவியத்தைப் பெயர்த்தால் உடையும் என்பது உண்மையான தடை. மரச்சிற்பம் அப்படியன்று. அதற்கும் புழுவும் ஈரமும் பகை என்றாலும், தக்க காவலோடு ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்துக்குக் கொண்டுசெல்லக் கூடியதே. எந்த நகரில் வைப்பது என்பதில் நமக்கு வழக்கில்லை. விக் அருங்காட்சியகம் திருச்சபைக்குரியது, பார்சலோனாவினது பொதுமக்களுக்குரியது, இரண்டும் தகுதியானவை. விட்டுக்கொடுப்பது யார் என்பதில்தான் தடை இருக்கிறது. அப்படியானால் அந்த முதல் அடியை எடுத்து வைக்கவேண்டியது, விற்ற குற்றத்தின் நினைவைச் சுமக்கும் திருச்சபையின் பக்கமே என்பது நம் கருத்து. ஐந்தை வைத்திருப்பவர் இரண்டைக் கேட்பதைவிட, இரண்டை வைத்திருப்பவரிடம் ஐந்தை ஒப்படைப்பது நற்செய்திக்கு நெருக்கமானது. இதைச் சொல்வதால் விக் நகர நண்பர்கள் நம்மேல் சினம் கொள்ளக்கூடும்.

பொயி பள்ளத்தாக்கிலிருந்து எதையும் எடுத்துச்செல்ல முடியாத ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஜூன் நடுவில் துர்ரோ ஊரில், குழந்தை மறைசாட்சியான புனித குயிர்க்கின் திருநாளையொட்டித் தொடங்கி, ஜூலை வரை ஊர் ஊராக நடக்கும் தீப்பந்த விழா அது. அவ்வூரார் ஃபாய்யெஸ் என்கிறார்கள். கதிரவன் வணக்கமாக மிகப் பழங்காலத்தில் தொடங்கியிருக்கலாம். பின்னர் திருநாள்களோடு ஒட்டிக்கொண்டது. அந்தோரா, ஸ்பெயின், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளின் பிரனீஸ் ஊர்களில் நடக்கும் இவ்விழாக்களை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மக்களின் வாழும் மரபாக ஏற்றுக்கொண்டது. பிசின் மிகுந்த பைன் மரத்தில் பந்தங்களைச் செய்து, பகலிலேயே மலைமேல் ஏறி, இருள் கவியும் வரை காத்திருக்கிறார்கள். அங்கே மூட்டிய நெருப்பில் ஒவ்வொருவராகப் பந்தத்தைக் கொளுத்தித் தோளில் சுமந்து, வளைந்து வளைந்து செல்லும் பாதையில் வரிசையாக இறங்குகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு மலையிலிருந்து ஒரு நெருப்பு நாகம் ஊர்ந்து வருவதுபோல் தெரியும். ஊர்ச் சதுக்கத்தை அடைந்ததும் பந்தங்களை ஒன்றாகக் குவித்து எரியவிடுகிறார்கள்.

துர்ரோ ஊரின் புனித குயிர்க் சிற்றாலயத்தில் ஒரு காலத்தில் பீடத்தின் முன்பலகை ஒன்று இருந்தது. குழந்தை குயிர்க்கும் அவர் தாய் ஜூலித்தாவும் அடைந்த வேதனைகளை வண்ணத்தில் எழுதிய பலகை. அதுவும் பார்சலோனாவில்தான் இருக்கிறது. விழா நாளின் நெருப்போ அந்தச் சிற்றாலயம் நிற்கும் மலைமுகட்டிலிருந்துதான் இன்றும் ஊருக்கு இறங்குகிறது.